முக்கால் லிட்டர் எண்ணெய் எங்கே?

ஒரு காரின் எஞ்சின் ஆயிலை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு உலகத்தில் பல பதில்கள் உண்டு. மெக்கானிக்கைக் கேட்டால் "இன்னைக்கே" என்பார். மைத்துனரைக் கேட்டால் "அதெல்லாம் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை மச்சான், நான் மூணு வருஷமா மாத்தல" என்பார். காரோடு வந்த புத்தகத்தைக் கேட்டால் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்று சொல்லும். எங்கள் அலுவலகத்தில்தான் இதற்கு இறுதியான, திருத்தத்துக்கு இடமில்லாத, மேலிட ஒப்புதல் பெற்ற பதில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களில் அடியேனும் ஒருவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

என் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வாசலில் 'பண்டகக் காப்பாளர்' என்று பலகை தொங்குகிறது. ஜனங்கள் ஸ்டோர்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், தொலையட்டும். உள்ளே நாலு இரும்பு அலமாரி. அவற்றில் அலுவலகத்துக்கு வேண்டிய சகலமும் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். இதற்கென்றே ஒரு விதி உண்டு: பழையதை ஒப்படைப்பவருக்கே புதியது வழங்கப்படும், அதுவும் வாங்கிப்போன அளவு குறையாமல் ஒப்படைக்க வேண்டும். ஃபியூஸ் போன பல்பைக் கொடுத்தால் புது பல்பு. தேய்ந்த துடைப்பத்தைக் கொடுத்தால் புதுத் துடைப்பம். சோப்பு விஷயத்தில் மட்டும், கரைந்துபோனதை எப்படிக் கொண்டுவருவது என்று ஊழியர்கள் மனுப் போட்டு, இரண்டு வருட ஆலோசனைக்குப் பிறகு, காலி உறையைக் கொடுத்தால் போதும் என்று கருணையோடு சலுகை வழங்கப்பட்டது.

அலுவலகத்துக்கு ஒரே ஒரு கார். அதை ஓட்டுகிறவன் நிதானம். நிஜப் பெயர் வேறு என்னவோ. எறும்பு குறுக்கே போனாலும் பிரேக் போடுகிற ஆள் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதினொரு வருடமாகத் தற்காலிக டிரைவர். அவனை நிரந்தரம் செய்கிற கோப்பு அப்போதுதான் முக்கி முனகி மாடியேறி அதிகாரியின் மேசைக்குப் போயிருந்தது. 'பாதகமான குறிப்புரை ஏதுமில்லை' என்ற ஒரு வரி இருந்தால் ஆணை வந்துவிடும். ஒரே ஒரு குறிப்புரை விழுந்தாலும் கோப்பைக் கட்டி மேலே போட்டுவிடுவார்கள். வருடம் முடிந்தால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் நிரந்தரம் என்ற பேச்சே இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை அவன் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை.

அந்த நிதானம் ஒரு நாள் காலையில் என் ஜன்னலண்டை வந்து நின்றான்.

"சார், வண்டிக்கு ஆயில் மாத்தணும். வருஷம் ஒண்ணாச்சு."

"மாத்திக்கயேன். யாரு வேணாம்னா? பழசைக் கொண்டா, புதுசை வாங்கிக்க."

நாலு லிட்டர் புது ஆயில், சீல் உடையாமல், என் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தட்டில்தான் இருந்தது. நிதானம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். வண்டிக்கடியில் படுத்து, திருகைக் கழற்றி, இருந்ததை ஒரு சொட்டு விடாமல் வடித்து, கேனில் கொண்டுவந்து வைத்தான். தார் மாதிரி இருந்தது. நான் அளந்தேன். மூணேகால் லிட்டர்.

"போன வருஷம் எவ்வளவு வாங்கின?"

"நாலு லிட்டரு சார்."

"இதுல மூணேகால்தானே இருக்கு. முக்கால் லிட்டர் எங்க?"

"வண்டி குடிச்சிருக்கும் சார். பழைய எஞ்சின் இல்லையா, கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு போயிடும்."

"எரிஞ்சுதுன்னு நீ சொல்ற. நான் எப்படி எழுதறது? 'வண்டி குடித்தது'ன்னு எழுதினா மேல இருக்கறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"அண்ணே, உலகத்துல இருக்கற எல்லா வண்டியும் குடிக்கும்ணே."

காரியம் ஆக வேண்டுமென்றால் சார் அண்ணன் ஆகிவிடுவார். நான் மசியவில்லை. எனக்கும் எஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்று தெரியும், நான் ஒன்றும் காட்டிலிருந்து வரவில்லை. ஆனால் எனக்குத் தெரிவது வேறு, அலுவலகத்துக்குத் தெரிவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாததால்தான் இருபத்திரண்டு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

"இதோ பாருப்பா, நாளைக்குக் காலைல நாலு லிட்டர் இங்க இருக்கணும். இல்லேன்னா 'முக்கால் லிட்டர் அரசுடைமை எண்ணெய் எங்கே?'ன்னு உன்கிட்ட விளக்கம் கேக்க வேண்டி வரும். விளக்கம் கேட்டாலே அது குறிப்புரைதான். அப்புறம் என்னைத் திட்டாத."

"இன்னொரு தடவை அளந்து பாக்கறேன் சார்" என்று கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அளந்து பார்க்க வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் காலை கேன் வந்தது. அளந்தேன். சரியாக நாலு லிட்டர், ஒரு மயிரிழை அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. அறை முழுக்க மட்டும் ஒரு வாசனை. பத்து மணிக்கே எனக்குப் பசியெடுத்தது. குனிந்து பார்த்தேன். கறுப்பு எண்ணெய் மேல் ஒரு கடுகு மிதந்துகொண்டிருந்தது.

பிற்பாடு தெரிந்தது இதுதான். ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து நிதானத்தின் பெண்டாட்டி, "இம்புட்டுதானா? இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, நாலு நாளாகப் பொரித்து மிச்சமிருந்த எண்ணெயை வாணலியோடு தூக்கிக் கேனில் கவிழ்த்திருக்கிறாள். அளவு சரியாகிவிட்டது.

நான் அந்தக் கடுகைப் பார்த்தேன். நிதானம் என்னைப் பார்த்தான். கடுகளவு விஷயத்தைப் பெரிதாக்குவது பெரிய மனுஷனுக்கு அழகா? 'பெறப்பட்டது, அளவு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ புது ஆயில் சார்?"

"அவசரப்படாதப்பா. திரவப் பொருளா இருந்தா பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, 'பயனற்றது'ன்னு சான்று வந்தப்புறம்தான் புதுசு."

"இதைப் பாத்தாலே தெரியுதே சார்!"

"பாத்தாலே தெரிஞ்சா பரிசோதனைக்கூடம் எதுக்கு?"

கார் இருபது நாள் வயிறு காலியாகக் கொட்டகையில் நின்றது. அதிகாரி நடந்து வந்தார். இருபத்தோராம் நாள் அறிக்கை வந்தது. மூன்று பக்கம், ஐந்து முத்திரை. சாரம் இது: 'மேற்படி மாதிரியில் தாவர எண்ணெய், கருகிய வெங்காயம், கடுகு ஆகியவை காணப்படுகின்றன. மனிதர் உண்பதற்கு ஏற்றதல்ல. அவசரத்துக்குத் தாளிக்கலாம்.'

அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். படியேறும்போதே நிதானம் புலம்ப ஆரம்பித்தான். "போச்சு சார், எல்லாம் போச்சு. எம் பொண்டாட்டி நல்லது பண்றேன்னு பண்ணிட்டா." எனக்கும்தான் போச்சு. கடுகுக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து.

இங்கே அதிகாரியைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் எண்ணெயை விட்டவர். பத்து மாதத்துக்கு முன் யாரோ எங்கேயோ பேசியதைக் கேட்டு, அன்றிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் தொடுவதில்லை. அவித்தது, வெந்தது, பச்சையாகக் கடித்தது, அவ்வளவுதான். முன்பெல்லாம் சட்டைக்குள் அவர் இருந்தார். இப்போது சட்டை பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். அவரைப் பார்த்து அலுவலகம் மொத்தமும் எண்ணெயை விட்டது. மத்தியானம் எல்லோரும் அவர் கண்ணில் படும்படி வெள்ளரிக்காய் கடித்துவிட்டு, கார் கொட்டகைக்குப் பின்னால் போய் பொரித்ததைத் தின்றோம்.

அதிகாரி அறிக்கையை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"இந்த எண்ணெய்லதான் நம்ம வண்டி ஒரு வருஷம் ஓடிச்சா?"

நான் நிதானத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "வண்டி ஓடிச்சு சார்" என்றான். அது உண்மைதானே.

"நடுவுல எப்பவாவது நின்னுச்சா?"

"இல்ல சார். ஆனா..."

"ஆனால்லாம் அப்புறம். பழுது ஏதாவது?"

"இல்ல சார்." அவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பாவம், நல்லவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. சட்டென்று கை கூப்பிவிட்டான். "சார், மன்னிச்சிடுங்க. அது எங்க வீட்டு எண்ணெய் சார். எம் பொண்டாட்டிதான் ஊத்தினா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்படியா!" என்று அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "அப்போ கண்டுபிடிப்பு உங்க வீட்டம்மாவோடதா? ஏன்யா இவ்வளவு நாள் சொல்லல? இந்த அடக்கம்தான்யா நம்ம ஆளுங்களைக் கெடுக்குது!"

"சார், நான் சொல்ல வந்தது..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். யோசிச்சுப் பாரு. மனுஷனை எது கொல்லுது? எண்ணெய். அதே எண்ணெய் வண்டியை ஓட்டுது! வீட்ல இருக்கற எண்ணெயை எல்லாம் வண்டியில ஊத்திட்டா, வண்டியும் ஓடும், மனுஷனும் பொழைப்பான். இது இத்தனை காலமா யாருக்காவது தோணிச்சா?" பிறகு குரலைத் தணித்து, "எங்க வீட்லயே ஆறு டின்னு பிரிக்காமக் கெடக்கு" என்றார்.

நிதானம் மறுபடி வாயைத் திறந்தான். அதிகாரி மேசையோரம் இருந்த ஒரு கோப்பைத் தட்டிக் காட்டினார். "உன் ஆணைதான்யா இது. இப்படிப்பட்ட ஆளை விட்டா வேற யாரை நிரந்தரம் பண்றது?"

நிதானம் வாயை மூடிக்கொண்டான். நீங்களாயிருந்தாலும் மூடிக்கொண்டிருப்பீர்கள்.

மேலிடத்துக்குக் கடிதம் போனது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. கூடவே ஒரு கேள்வியும்: 'மேற்படி எண்ணெயை எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது தெளிவுபடுத்தப்படவில்லை.' நியாயமான கேள்வி. அதைத் தீர்மானிக்க ஒரு கூட்டம் போட்டு, நிபுணர் என்ற முறையில் நிதானத்தின் பெண்டாட்டியை அழைத்தார்கள். நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். குறிப்பெடுக்க நான்.

"அம்மா, நீங்க எத்தனை நாளைக்கு ஒரு தரம் எண்ணெயை மாத்துவீங்க?" என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார்.

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மாத்தறதா? எண்ணெயை யாராவது மாத்துவாங்களா? கொறைஞ்சா மேல ஊத்திக்குவோம்."

"கறுத்துப் போனா?"

"வடிகட்டுவோம்."

"அதுக்கப்புறமும் கறுத்தா?"

"வெளக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டா கண்ணுக்குத் தெரியாது."

அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வெளிவந்தது: 'வாகன எண்ணெய் எக்காலத்தும் மாற்றப்பட வேண்டியதில்லை. குறைந்தால் ஊற்றவும். கறுத்தால் வடிகட்டவும். மேலும் கறுத்தால் நிழலில் நிறுத்தவும்.' இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான உத்தரவு எங்கும் கிடையாது.

அதே வாரம் நிதானத்துக்கும் ஆணை வந்தது. ஆறு மாதம் பாதகமான குறிப்புரை ஏதும் விழாமலிருந்தால் நிரந்தரம். வாங்கிப் படித்துவிட்டுக் கொட்டகைக்குள் போய் அழுதான். பதினொரு வருடம் ஐயா, சும்மாவா? மூன்றாவது தட்டில் இருந்த நல்ல ஆயிலை எடுத்து ரகசியமாகக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அதிகாரி வீட்டு டின்னைப் பிரித்து வண்டியில் ஊற்றினார்கள். வண்டி கிளம்பியது. போகிற தெருவெல்லாம் புகை, புகையெல்லாம் பொரித்த வாசனை. நாய்கள் பின்னால் ஓடிவந்தன. சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் ஜன்னலை இறக்கி மோந்து பார்த்தார்கள். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் கடைவீதி நடுவில் 'கடக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எதிர்க்கடை மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து, கோந்து மாதிரி வந்ததை மோந்து பார்த்தார்.

"இதுல என்னத்தய்யா வறுத்தீங்க?"

"சரி பண்ண முடியுமாண்ணே?" என்று நிதானம் கேட்டான்.

"எஞ்சின் பிடிச்சிக்கிச்சு. இனிமே இது எடைக்குத்தான் ஆகும். நேரத்துக்கு ஆயிலை மாத்தியிருந்தா இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும்."

ஓடாத வண்டிக்கு டிரைவர் எதற்கு? வண்டி செத்தது என்று ஒரு வரி எழுதினால் நிதானத்தின் ஆணை செத்தது. அதுமட்டுமா? சுற்றறிக்கை தப்பு, பாராட்டு தப்பு, அதிகாரி தப்பு, கடுகின் கீழ் போட்ட கையெழுத்தும் தப்பு. ஆக, நிதானத்தின் மேல் உள்ள இரக்கத்தால் நாங்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தோம். நான்தான் வாசகத்தை எழுதினேன்: 'வாகனம் நல்ல இயங்கு நிலையில் உள்ளது. உந்துவிசை மட்டும் தற்காலிகமாக வெளியிலிருந்து பெறப்படுகிறது.'

அதாவது, தள்ளினோம்.

அதிகாரி வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு இரண்டு தெரு. தினமும் காலையில் அவர் பின்சீட்டில் ஏறி உட்காருவார். நிதானம் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். ஊழியர்கள் எட்டுப் பேர் பின்னால் நின்று தள்ளுவோம். முதல் வாரம் ஊரே சிரித்தது. இரண்டாவது வாரம், மனு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாசலில் காத்துக் கிடக்கிற ஜனங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தள்ளினால் அதிகாரியின் பக்கத்திலேயே போகலாம், ஜன்னல் வழியாக மனுவை நீட்டலாம். அடுத்த நாளே நாலு பேர் வந்தார்கள். அப்புறம் பதினாலு. பிறகு பின்பக்கம் இடம் பிடிக்க விடியற்காலையிலேயே வரிசை. 'நான் தள்ளுறேன், நீ தள்ளு' என்று சண்டை. என் மைத்துனர்கூட வீட்டு வரைபட அனுமதிக்காக இடதுபக்கக் கதவில் ஒரு இடம் வாங்கித் தரச் சொன்னார்.

இப்படியே ஐந்தரை மாதம் ஓடியது. நிதானத்துக்கு இன்னும் பதினாறு நாள்தான் பாக்கி. பெண்டாட்டி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம், இருபத்திரண்டு பேர். "தள்ளு!" என்றோம். வண்டி அசையவில்லை. "ம்ம்... தள்ளு!" என்றோம் இன்னும் உரக்க. அசையவில்லை. நிதானம் கீழே இறங்கினான். வண்டியை ஒரு சுற்று வந்து ஒவ்வொருத்தராகப் பார்த்தான். என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்:

"சார், எல்லாரும் கை வச்சிருக்காங்க. ஒருத்தரும் தள்ளல."

"நான் தள்ளலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தள்ளியிருந்தா மூச்சு வாங்கியிருக்கும் சார்."

எனக்கு வந்ததே கோபம்! நான் ஒருத்தன் தள்ளாவிட்டால் என்ன, மற்ற இருபத்தோரு பேர் தள்ள மாட்டார்களா என்றுதானே இருந்தேன்? இருபத்தோரு பேரும் அதையே நினைத்தால் நான் என்ன செய்வது?

அதற்குள் அதிகாரி ஜன்னலை இறக்கிவிட்டார். "என்னய்யா? ஏன் நகரல?"

நிதானம் வாயைத் திறந்தான். அவன் எப்போதும் உண்மையைச் சொல்லித்தான் கெடுவான். நான் முந்திக்கொண்டேன்.

"டிரைவர் பிரேக்க எடுக்கல சார்!"

"ஆமா சார், பிரேக்கு!" என்றார் கணக்கர். "பிரேக்குதான் சார்!" என்றார் பட்டாவுக்காக மூன்று வருடமாக அலைகிறவர். "நான் பாத்தேன், பிரேக்கு போட்டுத்தான் வச்சிருந்தான்" என்றார் கடைசியில் நின்ற, டிக்கியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத மனிதர். இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் பேசியதை அந்தத் தெரு அன்றுதான் கேட்டது.

"பதினொரு வருஷம் வண்டி ஓட்டறவனுக்கு பிரேக்க எடுக்கத் தெரியாதா?" என்றார் அதிகாரி. "எழுதுங்க ஒரு குறிப்புரை."

டிக்கியின் மேல் தாளை வைத்து நானே எழுதினேன். மூன்றே வரி. அதிகாரி ஜன்னல் வழியாகவே கையெழுத்துப் போட்டார். நிதானம் என்னைப் பார்த்தான். நான் பேனாவை மூடுவதில் மும்முரமாக இருந்தேன். அவன் ஏறி உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரியும்படி பிரேக்கை ஒரு தரம் போட்டான், பிறகு எடுத்தான்.

அதற்கப்புறம் தள்ளினோம் பாருங்கள், இருபத்திரண்டு பேரும், மூச்சு வாங்க வாங்க. வண்டி பறந்தது. எஞ்சின் நன்றாயிருந்த காலத்தில்கூட அது அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.